சாவ் சொல்ல மறுத்த கசப்பர்

ஆக்லாந்து நகரத்தில் எனக்குத் தெரிந்து அசல் இத்தாலியர் ஒரே ஒருவர்தான். அவர் சாவகச்சேரிக்காரர்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் கசப்பரைப் பார்த்ததில்லை. கே ரோட்டுக்குப் பின்புறம், கார்கள் தயங்கித் தயங்கி நுழையும் ஒரு சந்தின் முடிவில் அந்த பார் இருந்தது. இத்தாலிய மொழியில் அதன் பெயருக்கு ‘மூலை’ என்று பொருளாம். அதனால் நாங்கள் அதை மூலை என்றே சொல்வோம். நாங்கள் என்றால், அடுத்த கட்டடத்தில் கட்டுமானச் செலவு மதிப்பிடும் வேலை பார்க்கும் நானும், அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் உட்காரும் மலேசியக்காரர் விமலாவும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கசப்பாக ஒரு மது, அதோடு கொறிக்கக் காசில்லாமல் ஒரு சின்னத் தட்டு. இதுதான் இத்தாலியர்களின் மாலை வழக்கம். மூலையில் இந்த வழக்கத்துக்குக் காவலாளி, பூசாரி, நீதிபதி எல்லாமே கவுண்ட்டருக்குப் பின்னால் நின்ற கசப்பர்தான்.

அறுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட், கழுத்தில் பட்டாம்பூச்சி டை, நெற்றியில் திருநீறு. இந்தக் கடைசிப் பொருளால் ஒரு முறை குழப்பம் வந்தது. ஓர் இத்தாலியச் சுற்றுலாப் பயணி அதைப் பார்த்துவிட்டு, இன்று கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசி நோன்பிருக்கும் சாம்பல் புதன், அதை மறந்துபோய்க் குடிக்க வந்துவிட்டோம் என்று பதறி, பாதிக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கசப்பர் அவரைத் தடுக்கவில்லை. “பக்தியான மனுசன். போகட்டும்” என்றார்.

நான் முதல்முறை போனது அலுவலகத்தில் எல்லாமே கோணலாகிப் போன ஒரு நாளில். உட்கார்ந்து மெனு கேட்டேன்.

“மெனு எனக்குத்தான். நீங்கள் இருங்கோ தம்பி.”

நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் வைத்தியரைப் போல என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜின், இனிப்பு வெர்மூத், சிவப்புக் கசப்பு மது மூன்றையும் சம அளவில் ஊற்றி, பெரிய ஐஸ் கட்டி போட்டுக் கிளறி, ஆரஞ்சுத் தோலை முறுக்கிக் கிளாஸின் விளிம்பில் தடவி, என் முன்னால் வைத்தார். இதற்கு நெக்ரோனி என்று பெயர். ஒரு மிடறு குடித்தேன்.

“எப்பிடி?”

“கசக்குதுண்ணே.”

“ஓம். உங்கடை முகத்திலை இருந்த கசப்பைத்தான் எடுத்து இதுக்குள்ளை ஊத்தினனான். இனி முகம் சரிவரும்.”

அன்று மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “என்ன, சிரிச்சிக்கிட்டு வர்றீங்க? ஆபீஸ் லீவா?”

கசப்பர் என்ற பெயரை வைத்தது விமலா. அவருடைய சொந்தப் பெயர் நீளமானது, முருகன் பெயர்களில் ஒன்று, நியூசிலாந்துக் கிவிகள் பாதியிலேயே மூச்சுத் திணறி நின்றுவிடுவார்கள். விமலா முதல் நாளே, “அங்கிள், எனக்கு இனிப்பா ஏதாச்சும் போடுங்க லா” என்று கேட்டார்.

“இனிப்பு பிறந்தநாளுக்கு.”

“இன்னிக்குத்தான் அங்கிள் எனக்குப் பிறந்தநாள்!”

கசப்பர் மறுபேச்சுப் பேசாமல் பீச் பழச்சாறு சேர்த்து இனிப்பாக ஒன்றைக் கலக்கி, அதில் ஒரு மெழுகுவத்தியையும் ஏற்றி வைத்து, பாரில் இருந்த எல்லோரையும் பாட வைத்தார். அந்த வருடம் விமலாவுக்குப் பல முறை வயது கூடியது. ஒவ்வொரு முறையும் மெழுகுவத்தியும் பாட்டும் உண்டு. கடைசியில், பாட்டுக்குப் பயந்தே விமலா கசப்புக்கு மாறினார்.

பட்டப் பெயர் அவர் காதுக்கு எட்டியபோது கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவருக்கோ ஒரே பெருமை. “பாவற்காயும் கசப்புத்தான். அதை ஆரும் கெட்டது எண்டு சொன்னவையோ?”

ஐஸ் கட்டிகள் விஷயத்தில் அவர் ஒரு தாய். கிளாஸில் ஐஸ் கரையத் தொடங்கினால் அவருக்குப் பொறுக்காது. “ஐஸ் அழத் துவங்கிட்டுது. கதையை விட்டுட்டுக் குடியுங்கோ” என்பார். ஒரு சாயங்காலம் ஓர் இளைஞன் தன் தோழியின் முன்னால் எதையோ சொல்ல வந்து, வானிலை, வீட்டு வாடகை, ரக்பி என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கசப்பர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராக அவன் மேசைக்குப் போனார். “ஐஸ் அழுது முடியப் போகுது. என்ன கேக்க வேணுமோ கெதியாய்க் கேளும்” என்று அவன் தோளைத் தட்டினார். பையன் பதற்றத்தில் மோதிரப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டான். அந்தப் பெண் சரி என்றாள். கசப்பர் அதற்குள் கவுண்ட்டருக்குத் திரும்பி, “சும்மா தண்ணியாக்கிப்போட்டான்” என்று அந்தக் கிளாஸுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். (தமிழ் தெரியாதவர்களிடம் அவர் இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்வார். அதில் சொற்கள் மட்டும்தான் ஆங்கிலம், மற்றதெல்லாம் யாழ்ப்பாணம் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.)

பால் சேர்த்த காப்பி அங்கே சாயங்காலம் கிடைக்காது. யாராவது ஃப்ளாட் வைட் கேட்டால் கசப்பர் முகத்தில் உண்மையான கவலை படரும். “காய்ச்சலோ?” என்று கேட்பார். அந்த நேரத்தில் பாலும் காப்பியும் கேட்கிற மனிதருக்கு உடம்பு சரியில்லாமல்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இல்லை என்றால் நெக்ரோனி. ஆமாம் என்றால், பின்கட்டுக்குப் போய்க் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த சுடுதண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ஃப்ளாட் வைட் மட்டும் வராது.

இவ்வளவு இத்தாலியத்தனம் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நாட்டை விட்டுப் புறப்பட்ட காலத்தில் அவர் கரையேறியது பலேர்மோவில். சிசிலித் தீவின் அந்த ஊரில் தெருவோரக் கடலைமா வடைக் கடையில் எண்ணெய்ச் சட்டியோடு தொடங்கி, பழைய பார் ஒன்றின் கவுண்ட்டர் வரை உயர்ந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் மகளுக்குப் பின்னால் ஆக்லாந்துக்கு வந்தார். ஆகவே இத்தாலிய மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூலையின் முதலாளி டீனோவுக்குத்தான் அது தெரியாது. டீனோவின் முன்னோர் இத்தாலிய மீனவர்கள், டீனோ பிறந்தது வெலிங்டனில். வாயில் நுழையும் இத்தாலியம் முழுவதும் சாப்பாட்டுப் பெயர்கள். மற்றதையெல்லாம் அவர் கசப்பரிடமிருந்து காதால் கேட்டுப் பழகினார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். கசப்பர் வாயிலிருந்து வருவதில் எது இத்தாலியம், எது யாழ்ப்பாணம் என்று பிரிக்க டீனோவால் முடியாது. கிளாஸ் உடைந்தால் கசப்பர் “கோதாரி!” என்பார். டீனோ அதை உயர்ந்த இத்தாலிய வசவு என்று எடுத்துக்கொண்டார். ஒரு முறை முன்னோர் ஊரைப் பார்க்கப் போனபோது, நேப்பிள்ஸில் தன்னை இடிக்க வந்த டாக்சியைப் பார்த்துக் கையை உயர்த்தி, “கோதாரி!” என்று முழங்கியிருக்கிறார். டாக்சிக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாராம். திரும்பி வந்த டீனோ எங்களிடம் சோகமாகச் சொன்னார்: “அங்கே இப்போது யாருக்கும் பழைய சொற்கள் தெரியவில்லை.”

தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலிவ் காய்களோடு கசப்பர் வைப்பது பலேர்மோவில் பழகிய அதே கடலைமா வடை. ஆனால் அதில் பெருஞ்சீரகமும் செத்தல் என்று அவர் சொல்லும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் எப்படியோ ஏறிவிட்டிருந்தன. மிலானிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் அதைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இது எந்தப் பகுதிச் சமையல் என்று கேட்டார்.

“தெற்கு” என்றார் கசப்பர்.

“சிசிலியா?”

“இன்னும் கொஞ்சம் தெற்கு.”

“அதற்கும் தெற்கே கடல்தானே இருக்கிறது?”

“ஓம். அந்தக் கடலையும் தாண்டி.”

பெரிய மனிதர் மரியாதையாகத் தலையசைத்து இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டார்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் டீனோவுக்கு முழங்கால் தேய்ந்துகொண்டே வந்தது, வாடகை தேயவில்லை. ஊரில் உள்ள பார்களையெல்லாம் வாங்கிச் சேர்க்கும் ஒரு நிறுவனத்திடம் மூலையை விற்றுவிட்டார். ஒன்றும் மாறாது என்று அவர்கள் டீனோவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அந்த வாரமே கதவு மாறியது. பிறகு சிவப்புத் தோல் இருக்கைகள் போயின. மேசைதோறும் போனைக் காட்டி மெனு பார்க்கும் கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒட்டப்பட்டது. தட்டு நின்றது, ஆலிவ் காய் பில்லில் ஏறியது. கடலைமா வடை, நிறுவனத்தின் சமையல் பட்டியலில் அப்படி ஒரு பண்டம் இல்லாததால், இல்லாமலே போனது. எல்லாவற்றுக்கும் மேல், நெக்ரோனி எங்கோ ஒரு தொழிற்சாலையில் கலக்கப்பட்டு, பீப்பாயில் வந்து, கவுண்ட்டரில் பொருத்திய குழாய் வழியாக இறங்கியது.

கசப்பர் அந்தக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். “பைப்பிலை வாறதுக்கு நான் என்னத்துக்குத் தம்பி? ஒரு வாளி போதுமே.”

நிறுவனம் அனுப்பிய மேலாளர் ஜாரட், பாபகூராவிலிருந்து ரயிலில் வரும் இளைஞன். நல்ல பையன். அதுதான் பிரச்சினை. கெட்டவனாக இருந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். பழைய ஊழியர்களை உடனே அனுப்பாமல் சில வாரம் பார்ப்போம் என்று மேலிடத்தில் கெஞ்சி வாங்கி வந்தவனே அவன்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மேலிடம் இத்தாலியத்தனத்தை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. கதவைத் திறந்து வரும் ஒவ்வொருவரையும் இரு கைகளையும் விரித்து, உரத்த குரலில், “சாவ், ஃபமீலியா!” என்று வரவேற்க வேண்டும். ஃபமீலியா என்றால் குடும்பம். நிறுவனம் ஒரு ரகசிய வாடிக்கையாளரை அனுப்பிச் சோதிக்கும். அப்போது இதைச் சொல்லாதவருக்கு வேலை இருக்காது.

கசப்பர் தோளில் துண்டோடு எங்கள் மேசைக்கு வந்தார்.

“கேட்டியளோ தம்பி? முன்னைப்பின்னை தெரியாத சனத்தை நான் சாவ் எண்டு சொல்லட்டாம்.”

“இத்தாலில அப்படித்தானேண்ணே சொல்வாங்க?”

“ஆர் சொன்னது? சாவ் எண்டுறது, வரேக்கை ‘டேய், வாடா’, போகேக்கை ‘போட்டு வாடா’ எண்டுற மாதிரி. சிநேகிதனுக்குச் சொல்லலாம். கூடப்பிறந்தவனுக்குச் சொல்லலாம். வயசு போன மனுசியை, வேலை முடிச்சுக் களைச்சு வாற மனுசனை, வாசலிலை வைச்சு வாடா எண்டு சொல்லுறதோ? பலேர்மோவிலை அப்பிடிச் சொல்லியிருந்தால் எனக்குச் செவிட்டைப் பொத்தி அறை விழுந்திருக்கும். மரியாதைக்கு வேறை சொல் இருக்கு. அதைச் சொல்லுறன் எண்டால், அது விளம்பரத்திலை இல்லையாம்.”

“விடுங்க அங்கிள். வெள்ளக்காரங்களுக்கு அதெல்லாம் தெரியாது லா” என்றார் விமலா.

“அது ஒண்டு பிள்ளை. மற்றது, விளக்கு வைக்கிற நேரத்திலை, நம்பி வாற சனத்தைப் பாத்து, தமிழ் வாயாலை, ‘சாவு, குடும்பமே’ எண்டு நான் சொல்லுறதோ?”

விமலாவுக்கு ஆலிவ் காய் புரையேறியது. எத்தனையோ இத்தாலிய உணவகங்களில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம். எங்கள் இருவருக்கும் அதுவரை அது தமிழில் கேட்டதே இல்லை. அதன் பிறகு வேறு எப்படியும் கேட்கவில்லை.

ஜாரட்டும் தன்னால் முடிந்ததைச் செய்தான். அவரைத் தட்டிக்கொடுத்து, எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று விசாரித்தான். “சாவகச்சேரி” என்றார் கசப்பர். ஜாரட் முகம் மலர்ந்துவிட்டது. “பாருங்கள், உங்கள் ஊரே சாவ் என்றுதான் தொடங்குகிறது! உங்களுக்கு இது பிறவியிலேயே வரும்!” கசப்பர் எங்கள் பக்கம் திரும்பினார். “இவனோடை என்னெண்டு கோவிக்கிறது?”

வேலை போனால் என்ன, ஓய்வெடுக்க வேண்டிய வயதுதானே என்று யாராவது நினைக்கலாம். அவர் மகளும் அப்படித்தான் நினைத்தார். மனுரேவாவில் அவர்கள் வீட்டில் கசப்பருக்காகச் சாயும் நாற்காலி ஒன்று வாங்கி டிவிக்கு முன்னால் போட்டாகிவிட்டது. அந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் கசப்பரின் குரல் இறங்கும். “நல்ல பிள்ளை. நல்ல கதிரை. ஆனால் தம்பி, அதிலை இருந்துகொண்டு நான் ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது? ஆருக்கு என்ன கலக்கிறது? ஒரு மாசத்திலை நானே ஐஸ் மாதிரி அழுது முடிஞ்சிடுவன்.”

ஆகவே பயிற்சி தொடங்கியது. பார் திறப்பதற்கு முன், மதிய இடைவேளையில், விமலா கதவைத் தட்டிவிட்டு வாடிக்கையாளராக உள்ளே வருவார். கசப்பர் கைகளை விரிப்பார். அதில் குறையில்லை, பலேர்மோ கைகள். பிறகு வாயைத் திறப்பார்.

“சா...”

நாங்கள் காத்திருப்போம்.

“சா... சா...”

குளிர்காலக் காலையில் கிளம்ப மறுக்கும் பழைய காரைப் போல அது அதற்கு மேல் போகாது.

“ஒரே ஒரு எழுத்துதான் அங்கிள் மிச்சம்! என்னா கஷ்டம்?”

“அண்ணே, அர்த்தத்த மறந்துட்டுச் சொல்லுங்க” என்றேன் நான்.

“அர்த்தத்தை மறந்து கதைக்கிறதுக்கு நான் என்ன கொம்பனியோ?”

வாரம் முழுவதும் இதே கதை. இதற்கிடையில் ஜாரட், சொல்லக்கூடாததைச் சொல்கிறோம் என்று காது சிவக்க, இந்த வாரம் கொஞ்சம் கவனமாக இருங்கள் என்று கசப்பரிடம் கிசுகிசுத்துவிட்டுப் போனான். ரகசிய வாடிக்கையாளர் வருகிறார் என்று பொருள்.

எதையும் முறையாகச் செய்து பழகியவன் நான். அவரை அடையாளம் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். கதவு தெரியும் இருக்கையில் அமர்ந்து, வருபவர்களை ஒவ்வொருவராக எடைபோட்டேன். ஆள் தெரிந்தால் நான் இரும வேண்டும், கசப்பர் எப்பாடுபட்டாவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் சாம்பல் நிற மழைக்கோட்டில் ஒருவர் வந்தார். கதவின் கீலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சுவர் ஓரமாக நடந்து, குனிந்து, மேசைக்கு அடியில் பார்த்தார். இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நான் இருமினேன். கசப்பர் திரும்பாததால், காசநோய் முற்றியவனைப் போல இருமினேன்.

கசப்பர் கவுண்ட்டரை விட்டு வெளியே வந்தார். கைகளை விரித்தார். பாரில் இருந்த பழைய ஆட்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஓரத்து மேசையில் இப்போது வெறும் வாடிக்கையாளராக உட்கார்ந்திருந்த டீனோ, கிளாஸை வாய்க்கு அருகில் பிடித்தபடி உறைந்தார்.

“சா...” என்றார் கசப்பர்.

மழைக்கோட்டுக்காரர் நிமிர்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பகல் முழுவதும் எங்கெங்கோ அலைந்து களைத்த முகம். கசப்பர் அந்த முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு முகம் வாசலில் வந்து நின்றால் என்ன கேட்பதற்கு அவர் வாய் பிறந்ததிலிருந்து பழகியிருந்ததோ, அதைத் தானாகவே கேட்டுவிட்டது.

“சா...ப்பிட்டாச்சோ?”

பிறகு நினைவு வந்தவராக, அவசர அவசரமாக, “ஃபமீலியா!” என்று சேர்த்தார்.

விமலா தலையில் கை வைத்துக்கொண்டார். மழைக்கோட்டுக்காரர் முகத்திலோ மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. அவரும் கைகளை விரித்து, “சாவ் பிட்டாச்சோ!” என்று திருப்பிச் சொன்னார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொண்டவர் கசப்பர்தான். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம், “சாப்பிட்டாச்சோ, ஃபமீலியா!” குரலில் தயக்கமில்லை, கூச்சமில்லை. ஜோடிகள், அலுவலகக் கூட்டங்கள், குடையை மடிக்கத் தெரியாமல் தவித்த ஒரு பேராசிரியர், எல்லோரும் “சாவ் பிட்டாச்சோ!” என்று குதூகலமாகப் பதில் சொன்னார்கள். மூக்கு சிவந்து, தும்மிக்கொண்டே வந்த ஒரு பெண்மணி மட்டும் பதில் சொல்லாமல் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஃப்ளாட் வைட் கேட்டார்.

“காய்ச்சலோ?” என்றார் கசப்பர்.

அந்தப் பெண்மணி, ஆமாம், காலையிலிருந்து, என்றார். மூலையின் வரலாற்றில் அந்தக் கேள்விக்கு நேர்மையாக ஆமாம் சொன்னவர்கள் குறைவு. கசப்பர் மகிழ்ச்சியோடு பின்கட்டுக்கு ஓடினார்.

மழைக்கோட்டுக்காரர் கூரை ஒழுகலைப் பார்க்க வந்த பிளம்பர் என்பது அவர் ஏணியை எடுத்து வந்தபோது தெரிந்தது. என் ஆராய்ச்சியைப் பற்றி விமலா இன்று வரை அலுவலகத்தில் பேசுகிறார். ரகசிய வாடிக்கையாளர் அந்தக் காய்ச்சல்காரப் பெண்மணிதான் என்பதைச் சில நாள் கழித்து ஜாரட் வந்து சொன்னான். மகிழ்ச்சியில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பிட்டாச்சோவைப் பற்றி ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை?” என்று கேட்டான். இதுவரை எந்த பாரிலும் தனக்கு இவ்வளவு அசலான வரவேற்பு கிடைத்ததில்லை என்று அந்தப் பெண்மணி மேலிடத்தில் சொல்லிவிட்டாராம். தும்மல் வேறு நின்றுவிட்டதாம். மேலிடம் முழுவதும் இதே பேச்சாம். “அது எந்த ஊர் இத்தாலியம்?”

கசப்பர் கையிலிருந்த கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். பொய் சொல்ல அவருக்கு வராது. உண்மையைச் சொன்னால் சாயும் நாற்காலி.

அப்போது ஓரத்து மேசையிலிருந்து டீனோ எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“பழைய சிசிலிப் பேச்சு” என்றார். “என் பெரியப்பா தினமும் சொல்வார்.”

டீனோ பொய் சொல்லவில்லை. கசப்பர் மகளுக்குப் போன் செய்யும்போதெல்லாம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பல வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு, அது டீனோவின் குழந்தைப் பருவத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. ஓர் அசல் இத்தாலியக் குடும்பப் பெயர் கொண்டவர் சாட்சி சொன்ன பிறகு ஜாரட்டுக்கு வேறென்ன வேண்டும்? அதன் பொருள் என்ன என்று மட்டும் கேட்டான்.

“சாப்பிட்டியளோ எண்டு அர்த்தம்” என்றார் கசப்பர். உண்மை. சொல்லிவிட்டு அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். “ஆனால் ஒண்டு. கேட்டால் குடுக்க வேணும். சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டுப்போட்டு, இல்லை எண்டு சொல்லுற ஆளைச் சும்மா பாத்துக்கொண்டு நிண்டால், அதைவிட அவமரியாதை கிடையாது. வடையும் ஆலிவும் ஒரு தட்டிலை வைச்சு, காசு வாங்காமல் குடுக்கிறதுதான் அந்த வழக்கம்.”

“தெற்கு இத்தாலி வழக்கமா?”

“நல்லாத் தெற்கு” என்றார் கசப்பர்.

நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமலாவைப் பார்த்திருந்தால் இருவரும் தொலைந்திருப்போம்.

மேலிடம் யோசித்தது. வரவேற்பு அசலாக இருக்க வேண்டுமென்றால் தட்டும் அசலாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. மூலைக்குத் தட்டு திரும்பி வந்தது. பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் நிறுவனத்தின் சமையல் பட்டியலில் முறைப்படி ஏறின, சிசிலி என்ற தலைப்பின் கீழ். மூலைக்கு மட்டுமல்ல, அவர்களுடைய எல்லா பார்களுக்கும். சுவரில் நியான் விளக்கில் ‘சாவ் பிட்டாச்சோ’ எரிந்தது. நகரத்தின் பல கதவுகளில், தமிழ் என்ற சொல்லையே கேட்டிராத இளைஞர்களும் இளம்பெண்களும் கைகளை விரித்து வருவோர் போவோரை, சாப்பிட்டாச்சோ, சாப்பிட்டாச்சோ என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். துறைமுகப் பக்கம் மகனோடு நடந்துபோன ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, ஒரு பார் வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்டு நின்று, “ஓம் பிள்ளை, இப்பதான்” என்று பதில் சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

ஆனால் நிறுவனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முழுவதுமாகத்தான் பிடித்துக்கொள்ளும். இத்தனை இளைஞர்களுக்கு அந்தச் சொல்லை யார் பயிற்றுவது? கசப்பரை எல்லா பார்களுக்கும் பயிற்சியாளராகப் போட்டார்கள். ஒரு நாள் ஓரிடம், மறுநாள் வேறிடம். வேலை இருந்தது, தட்டு இருந்தது, நாற்காலி தப்பியது. மூலையின் கவுண்ட்டர் மட்டும் குழாயிடம் போனது.

“ஒத்துக்கிட்டீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“ஒரு ஊர்ச் சனம் முழுக்க ஆளையாள் பாத்துச் சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கப் பழக்கிறது கெட்ட வேலையோ தம்பி?” என்றார். ஆனால் சொல்லும்போது பளிங்கு மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் மூலையில் நின்ற கடைசிச் சாயங்காலம் நான் தனியாகப் போனேன். விமலா கோலாலம்பூர் போயிருந்தார். தனக்குப் பிறந்தநாள் என்று கசப்பரிடம் சொல்லச் சொல்லியிருந்தார். கசப்பர் குழாயின் பக்கம் போகவே இல்லை. ஜாரட் பார்த்தும் பாராதவனாக முதுகைத் திருப்பிக்கொள்ள, மூன்று புட்டிகளையும் எடுத்து, பழைய முறைப்படி எனக்கு ஒன்றைக் கலந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினார். ஐஸ் அழுவதற்குள் குடித்து முடித்தேன்.

“போயிட்டு வரேண்ணே” என்று எழுந்தேன்.

எத்தனை வருடமாக இதற்கு அவர் பதில் ஒன்றுதான். “போட்டு வாங்கோ தம்பி.” ஒரு நாளும் வாங்கோ என்பது வா என்று இறங்கியதில்லை. அன்று கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு கதவு வரை வந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. என் குடையை வாங்கி, விரித்து, திரும்ப என் கையில் கொடுத்தார். நான் படியிறங்கிய பிறகு பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது, நிறுவனம் முழுவதும் சேர்ந்து தலைகீழாக நின்றும் வாங்க முடியாத அந்தச் சொல்லோடு.

“சாவ்டா தம்பி!”

நூறு வயது வாழ வேண்டும் என்று என்னைப் பலர் வாழ்த்தியிருக்கிறார்கள். இத்தனை அன்போடு என்னைச் சாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.